சிவப்புப் பொட்டாஷும் ரஷ்யக் கணக்கும்

மரவள்ளிக் கிழங்கு லோடு ஜவ்வரிசி ஆலைக்குள் நுழைந்ததும் பாயிண்ட் பார்ப்பார்கள். மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்பதை வைத்துத்தான் டன்னுக்கு விலை. பாயிண்ட் ஏற வேண்டுமானால் கிழங்குக்குப் பொட்டாஷ் வேண்டும். மேட்டூர், ஓமலூரிலிருந்து ராசிபுரம் வரை விவசாயிகள் இடும் சிவப்புப் பொட்டாஷை இந்தியாவில் எந்தச் சுரங்கத்திலும் வெட்டுவதில்லை. கனடா, ஜோர்டான், பெலாரஸ், ரஷ்யா என்று வெளிநாட்டுக் கப்பலில் வருவதுதான். ரஷ்யச் சரக்கு, யூரல் மலைப்பக்கம் பெரெஸ்னிகி, சோலிகாம்ஸ்க் ஊர்களுக்கு அடியில் தோண்டியது. அதிலுள்ள இரும்புத் துகள்தான் அந்தச் சிவப்பு.

பெலாரஸ் மீதான தடையும் உக்ரைன் போரும் சேர்ந்துகொண்ட 2022-ல் 50 கிலோ மூட்டை 1,700 ரூபாய்க்குப் போனது. மாஸ்கோ அரசியல் நம்மூர் உரக்கடைக்கு வந்தது அப்படித்தான்.

அங்கே நிலைமை என்ன? 2024 மார்ச் தேர்தலில் புதினுக்கு 87 சதவீத வாக்கு. அதற்கு ஒரு மாதம் முன்புதான் எதிர்ப்பாளர் நவல்னி சிறையில் இறந்தார். போர்ச் செலவைத் தட்டிக் கேட்க ஆளில்லை. ஆனால் விலைவாசி கேட்கிறது: 2024 அக்டோபரில் மத்திய வங்கி வட்டியை 21 சதவீதமாக்கியது, பிறகுதான் மெல்லக் குறைத்தது. மதிப்புக் கூட்டு வரி 2026 முதல் 20-லிருந்து 22 சதவீதம். கஜானாவைத் தாங்குவது எண்ணெய்யும் எரிவாயுவும். போர் தொடங்கியதுமே ரஷ்யா தள்ளுபடி விலைக்கு இறங்கிவந்தது; மேற்கு நாடுகள் 2022 டிசம்பரில் பீப்பாய்க்கு 60 டாலர் என உச்சவரம்பும் போட்டன. நம் கச்சா இறக்குமதியில் 2 சதவீத அளவில் இருந்த ரஷ்யப் பங்கு மூன்றில் ஒன்றைத் தாண்டியது.

இந்தத் தள்ளுபடி யாருக்குப் போனது? நாமக்கல் லாரிக்காரரைக் கேட்டால் சிரிப்பார். 2022 மே மாதத்துக்குப் பிறகு, 2024 மார்ச்சில் டீசல் லிட்டருக்கு 2 ரூபாய் குறைந்ததுதான் பெட்ரோல் பங்கில் அவர் கண்ட பெரிய சலுகை. லாபம் பெருமளவு சுத்திகரிப்பு ஆலைகளோடு நின்றது. தண்டனை வேறு இடத்தில் விழுந்தது. ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்காக 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீது கூடுதலாக 25 சதவீதம் போட, மொத்த வரி அப்போது 50 சதவீதம் ஆனது. கரூர், குமாரபாளையம் பக்கம் துண்டும் படுக்கை விரிப்பும் நெய்கிறவர்கள் ஒரு பீப்பாய்கூட வாங்கவில்லை, அடி அவர்களுக்கு.

வரவு செலவும் ஒருபக்கச் சாய்வு. 2024-25-ல் இரு நாட்டு வணிகம் 6,870 கோடி டாலர். அதில் நாம் விற்றது 500 கோடிகூட இல்லை. இந்திய வங்கிகளில் சேர்ந்துகிடக்கும் ரூபாயைச் செலவழிக்க வழியில்லை என்று ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ் 2023-ல் கோவாவில் குறைபட்டதும் இதனால்தான்.

2025 டிசம்பரில் புதின் டெல்லி வந்தபோது, 2030-க்குள் 10,000 கோடி டாலர் வணிகம் என்ற இலக்கை இரு தரப்பும் மறுபடி சொன்னார்கள். ரஷ்யாவிலேயே யூரியா ஆலை கட்ட இந்திய உர நிறுவனங்கள் அந்நாட்டு யூரல்கெம் நிறுவனத்துடன் கையெழுத்தும் போட்டன. அதாவது, அந்தத் திட்டம் நிறைவேறினால் நம் நிறுவனங்களின் யூரியாவும் அங்கிருந்து வரும்.