இடிந்த கட்டிடத்தை இடிக்காத ஊர்

ஒரு மாணவியின் நாட்குறிப்பு ஹிரோஷிமாவின் அணுகுண்டு மண்டபத்தைக் காப்பாற்றியது

ஜப்பான் நாட்டில் ஹிரோஷிமா என்று ஒரு நகரம் இருக்கிறது. அந்தப் பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. உலகத்தில் முதன்முதலாக அணுகுண்டு வீசப்பட்ட ஊர் அதுதான்.

டோக்கியோவில் அதிவேக ரெயில் ஏறினால் சுமார் 4 மணி நேரத்தில் அங்கே போய்ச் சேரலாம். போகிறவர்களுக்கு முதலில் ஒரு திகைப்பு ஏற்படும். குண்டு விழுந்த ஊரா இது? எங்கே அந்த அழிவு?

ஊர் அவ்வளவு அழகாக இருக்கிறது! 11 லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் பெரிய பட்டணம். ஊருக்குள்ளே 6 ஆறுகள் பாய்கின்றன. எந்தப் பக்கம் போனாலும் பாலம். அகன்ற சாலைகள். இரு பக்கமும் மரங்கள். கடைகளில் கூட்டம்.

ரெயில் நிலையத்தில் இருந்தே டிராம் வண்டி புறப்படுகிறது. அதில் கால் மணி நேரம் போனால் ஆற்றங்கரை ஓரமாக ஒரு நிறுத்தம். அங்கே இறங்குகிறவர்கள் அப்படியே நின்றுவிடுகிறார்கள்.

எதிரே ஒரு பாழடைந்த கட்டிடம்! கூரை இல்லை. கதவு இல்லை. ஜன்னல் இல்லை. சுவர்கள் பிளந்து கிடக்கின்றன. உச்சியில் இருந்த கும்மட்டம் போய், அதன் இரும்புக் கம்பிகள் மட்டும் எலும்புக்கூடு போல வளைந்து நிற்கின்றன.

இதுதான் அணுகுண்டு மண்டபம். ஊர் முழுவதையும் புதிதாகக் கட்டியவர்கள் இதை மட்டும் ஏன் இப்படியே விட்டுவிட்டார்கள்? அந்தக் கதையைத் தெரிந்துகொள்ளாமல் ஹிரோஷிமாவைப் பார்ப்பது வீண்.

படை நகரம்

அந்தக் காலத்து ஹிரோஷிமா ஒரு படை நகரம். 1894-ம் ஆண்டு ஜப்பான் சீனாவுடன் போர் தொடுத்தபோது, சக்கரவர்த்தியே இங்கு வந்து தங்கி, போரைக் கவனித்தார். அது முதல் ஊர் பெருத்தது. உஜினா என்ற துறைமுகத்தில் இருந்து எத்தனையோ ஆயிரம் சிப்பாய்கள் கப்பல் ஏறி அயல் நாடுகளுக்குச் சண்டைக்குப் போனார்கள். போனவர்களால் அந்த நாடுகளில் துன்பம் அடைந்த மக்களும் பல லட்சம் பேர்.

ஆனால் ஊரில் இருந்தவர்கள் எல்லோரும் சிப்பாய்களா? இல்லை. கடைக்காரர்கள் இருந்தார்கள். தாய்மார்கள் இருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் இருந்தார்கள்.

ஆற்றங்கரை மண்டபம் 1915-ம் ஆண்டு கட்டப்பட்டது. ஐரோப்பாவில் செக் நாட்டைச் சேர்ந்த யான் லெட்சல் என்ற சிற்பி அதற்கு வரைபடம் போட்டார். மாவட்டத்தில் செய்த பொருள்களைக் காட்டவும் விற்கவும் அது உபயோகப்பட்டது. கண்காட்சி என்றால் ஊரே அங்கே கூடும்.

காலை 8 மணி 15 நிமிடம்

1945-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 6-ந் தேதி. திங்கட்கிழமை. வானம் தெளிவாக இருந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

பள்ளிப் பிள்ளைகள் தெருக்களில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். விமானத் தாக்குதலில் தீப் பிடித்தால் பரவாமல் இருக்க, வரிசையாக வீடுகளை இடித்து இடைவெளி உண்டாக்கும் வேலை. 12 வயது, 13 வயதுப் பிள்ளைகள்!

காலை 8 மணி 15 நிமிடம். அமெரிக்க விமானம் ஒன்று குண்டை வீசியது. அது தரையில் விழுந்து வெடிக்கவில்லை. சுமார் 600 மீட்டர் உயரத்தில், அதாவது ஏறத்தாழ 2 ஆயிரம் அடி உயரத்தில், வானத்திலேயே வெடித்தது.

கண்ணைப் பறிக்கும் ஒளி! உடனே தாங்க முடியாத சூடு! இரும்பு உருக 1,500 டிகிரி சூடு போதும். அன்று வெடிப்புக்கு நேர் கீழே தரையில் 3 ஆயிரம் முதல் 4 ஆயிரம் டிகிரி வரை சூடு உண்டானது. அடுத்து வந்த காற்றின் வேகத்தில் வீடுகள் சரிந்தன. ஊர் தீயில் வெந்தது.

அப்போது ஊரில் இருந்தவர்கள் சுமார் 3½ லட்சம் பேர். அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம் பேர் இறந்துவிட்டார்கள். வீடு இடிக்கும் வேலைக்குப் போன பிள்ளைகளில் மட்டும் சுமார் 6 ஆயிரம் பேர் மாண்டார்கள்.

கண்காட்சி மண்டபத்துக்குள் இருந்தவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. ஆனால் சுவர் மட்டும் நின்றது! அது எப்படி?

குண்டு வெடித்த இடம் மண்டபத்தின் தலைக்கு மேலே, சற்றே ஒதுங்கி இருந்தது. ஆகவே காற்று பக்கவாட்டில் மோதவில்லை. மேலே இருந்து கீழே அழுத்தியது. பக்கத்தில் மோதி இருந்தால் சுவர்கள் விழுந்திருக்கும். மேலே இருந்து அழுத்தியதால் கூரை போயிற்று; நடுச் சுவர்கள் நின்றன. கும்மட்டத்தின் மேலே போட்டிருந்த செப்புத் தகடு அழிந்தது. இரும்புக் கூடு தங்கியது.

மூன்றாம் நாள் ஓடிய டிராம்

அழிவுக்கு நடுவே ஓர் அதிசயம் நடந்தது. ஆகஸ்டு 9-ந் தேதி, அதாவது மூன்றாம் நாளே, ஊரின் மேற்குப் பக்கத்தில் டிராம் வண்டி மறுபடியும் ஓடியது!

ஆண்கள் பலர் போருக்குப் போய்விட்டதால் டிராம் கம்பெனி 1943-ம் ஆண்டில் பெண் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் தொடங்கி இருந்தது. பாதி நேரம் பாடம். பாதி நேரம் டிராம் வேலை. டிக்கெட் கொடுத்தவர்களும் அவர்களே. வண்டி ஓட்டியவர்களும் அவர்களே. குண்டு விழுந்த பிறகு, தோழிகளைப் பறிகொடுத்த அந்தப் பெண்களில் சிலர் மறுபடியும் வேலைக்கு வந்தார்கள்.

அன்று சேதம் அடைந்து, பிறகு பழுது பார்க்கப்பட்ட 651, 652 எண் டிராம் வண்டிகள் 80 ஆண்டுகள் கழித்து, 2025-ம் ஆண்டிலும் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடின.

அதே 1945-ல் செப்டம்பர் மாதம் பெரும் புயலும் வெள்ளமும் வந்தன. ஹிரோஷிமா மாவட்டத்தில் மேலும் 2 ஆயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். அதையும் தாங்கிக்கொண்டு மக்கள் ஊரைக் கட்டினார்கள்.

இடிப்பதா, காப்பதா?

புது வீடுகள் எழுந்தன. புதுக் கடைகள் வந்தன. இடிந்த மண்டபம் மட்டும் அப்படியே நின்றது. ஊர் மக்கள் இரண்டாகப் பிரிந்தார்கள்.

"இடித்துவிட வேண்டும்" என்றார்கள் ஒரு சாரார். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அந்த வழியே போகும்போதெல்லாம் அதைப் பார்த்து அழ வேண்டுமா? அந்த நாளை மறந்து வாழ வழி இல்லையா? அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது.

"இடிக்கக் கூடாது" என்றார்கள் மற்றவர்கள். இதுவும் போய்விட்டால் நடந்ததை நாளை யார் நம்புவார்கள்? அவர்கள் பேச்சிலும் நியாயம் இருந்தது.

நகரசபையிடம் பணம் இல்லை. விழுகிற சுவரைத் தாங்கி நிறுத்தச் செலவு அதிகம். முடிவு எடுக்காமலே ஆண்டுகள் கழிந்தன. சுவரில் விரிசல்கள் பெருகின. புல் முளைத்தது.

அப்போதுதான் ஒரு மாணவியின் நாட்குறிப்பு வெளியே வந்தது.

குண்டு விழுந்தபோது அவள் 1 வயதுக் குழந்தை. காயம் இல்லாமல் தப்பினாள். வளர்ந்தாள். பள்ளிக்குப் போனாள். ஆனால் குண்டின் விஷக் கதிர் அவள் உடம்பில் வேலை செய்துகொண்டே இருந்தது. 1960-ம் ஆண்டு, 16-வது வயதில், ரத்தப் புற்றுநோயால் இறந்தாள்.

இறப்பதற்கு முந்திய ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி அவள் தன் நாட்குறிப்பில் அந்த மண்டபத்தைப் பற்றி எழுதி இருந்தாள். அணுகுண்டின் கொடுமையை என்றென்றும் உலகத்துக்கு எடுத்துச் சொல்லப்போவது அந்தப் பரிதாபமான கட்டிடம்தான் என்பது அவள் எழுதியதன் கருத்து.

அதைப் படித்த பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. தெருவில் நின்று கையெழுத்து வாங்கினார்கள். காசு திரட்டினார்கள். பிறகு பெரியவர்களும் சேர்ந்தார்கள். 1966-ம் ஆண்டு ஜூலை மாதம், மண்டபத்தைக் காப்பது என்று நகரசபை ஒருமனதாகத் தீர்மானித்தது!

4 கோடி யென் திரட்டத் திட்டம் போட்டார்கள். யென் என்பது ஜப்பான் நாட்டுப் பணம். மேயர் ஹமாய் ஷின்சோ தாமே டோக்கியோ தெருவில் நின்று நன்கொடை கேட்டார். நாடு முழுவதும் இருந்து பணம் வந்தது. கேட்டதற்கு மேலேயே சேர்ந்தது. 1967-ம் ஆண்டு விரிசல்களில் பசை போன்ற மருந்தைச் செலுத்தி, இரும்புச் சட்டம் கொடுத்துச் சுவர்களை நிறுத்தினார்கள்.

அதில் ஒரு வேடிக்கை உண்டு. எல்லா ஊரிலும் பழைய கட்டிடத்தைப் புதிதாக்கப் பழுது பார்ப்பார்கள். இங்கே இடிந்தது இடிந்தபடியே இருப்பதற்காகப் பழுது பார்க்கிறார்கள்! 1996-ம் ஆண்டு இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ சபை ஏற்றுக்கொண்டது.

பூங்காவுக்குள்ளே

ஆற்றுக்கு அக்கரையில் அமைதிப் பூங்கா இருக்கிறது. குண்டு விழுவதற்கு முன்பு அது கடையும் வீடும் நெருங்கி இருந்த பகுதி. இப்போது புல்வெளியும் மரங்களும்தான்.

நடுவே குதிரைச் சேணம் போல வளைந்த நினைவுச் சின்னம். அதன் அடியில் இறந்தவர்களின் பெயர்ப் பதிவேடுகளைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அதில் 3 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் அதிகமான பெயர்கள் இருக்கின்றன. பின்னாளில் இறந்தவர்களின் பெயரையும் ஆண்டுதோறும் சேர்க்கிறார்கள். வளைவுக்குள்ளே பார்த்தால் நேர் எதிரே இடிந்த மண்டபம் தெரியும்! பூங்காவுக்குத் திட்டம் போட்ட டாங்கே கென்சோ அப்படி அமைத்தார். இடையில் ஒரு தீபம் எரிகிறது. 1964-ம் ஆண்டு ஏற்றிய தீபம். உலகத்தில் கடைசி அணுகுண்டும் ஒழிந்த பிறகே அதை அணைப்பார்களாம்.

1957-ம் ஆண்டு இந்தியப் பிரதமர் நேரு இந்த ஊருக்கு வந்தார்.

சற்றுத் தள்ளி ஒரு சிறுமியின் சிலை. கையில் ஒரு கொக்கைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். சசாகி சடாகோ என்ற 12 வயதுச் சிறுமியின் நினைவாக எழுந்த சின்னம் அது. அவளும் ரத்தப் புற்றுநோயால் 1955-ம் ஆண்டு இறந்தவள். காகிதத்தில் ஆயிரம் கொக்கு மடித்தால் நினைத்தது நடக்கும் என்பது ஜப்பானியர் நம்பிக்கை. ஆஸ்பத்திரிப் படுக்கையில் அவள் மருந்து சுற்றி வந்த காகிதத்தில் கூட மடித்தாள். அவளுடைய வகுப்புத் தோழர்கள் பணம் திரட்டி, குண்டுக்குப் பலியான எல்லாக் குழந்தைகளுக்குமாக 1958-ல் இந்தச் சின்னத்தை எழுப்பினார்கள். இன்றும் பல நாட்டுப் பிள்ளைகள் காகிதக் கொக்குகளை அங்கே கொண்டுவந்து வைக்கிறார்கள்.

கொரியர்களுக்கும் ஒரு நினைவுச் சின்னம் உண்டு. ஜப்பான் அப்போது கொரியாவை ஆண்டது. வேலைக்காக இங்கே கொண்டுவரப்பட்ட கொரியர்களும் ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். அந்தச் சின்னம் நெடுங்காலம் பூங்காவுக்கு வெளியே இருந்தது. 1999-ல்தான் உள்ளே வந்தது.

பூங்காவின் கோடியில் மியூசியம். அங்கே ஒரு சின்ன மூன்று சக்கர சைக்கிள் இருக்கிறது. துரு ஏறிய சைக்கிள். 3 வயதுப் பையன் ஒருவன் அதை ஓட்டி விளையாடும்போது குண்டு வெடித்தது. அன்று இரவே இறந்தான். அவ்வளவு சின்னப் பிள்ளையைத் தனியே தொலைவில் புதைக்கத் தகப்பனாருக்கு மனம் வரவில்லை. வீட்டுத் தோட்டத்திலேயே சைக்கிளோடு சேர்த்துப் புதைத்தார். 40 ஆண்டுகள் கழித்து, 1985-ல், தோண்டி எடுத்து, எலும்புகளைக் குடும்பக் கல்லறையில் வைத்தார். சைக்கிளை மியூசியத்துக்குக் கொடுத்தார்.

பக்கத்தில் ஒரு மாணவனின் சாப்பாட்டு டப்பா. உள்ளே இருந்த சோறு கரியாகிக் கிடக்கிறது. அம்மா கட்டிக்கொடுத்த சோறு. அவன் சாப்பிடவில்லை. அதைப் பார்த்த பிறகு யாரும் உரக்கப் பேசுவதில்லை.

இனி யார் சொல்வார்?

குண்டுக்குத் தப்பியவர்களை ஜப்பானில் "ஹிபாகுஷா" என்று சொல்கிறார்கள். அவர்களுடைய சங்கத்துக்கு 2024-ம் ஆண்டு நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. ஆனால் அவர்களுக்கு வயதாகிவிட்டது. 2025-ம் ஆண்டு மார்ச்சு மாதக் கணக்குப்படி ஹிரோஷிமா, நாகசாகி இரண்டு ஊர்களையும் சேர்ந்தவர்கள் 99,130 பேர்தான். முதல் தடவையாக எண்ணிக்கை 1 லட்சத்துக்குக் கீழே போனது. சராசரி வயது 86!

கண்ணால் கண்டவர்கள் ஒருவர்பின் ஒருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். நகரசபை 2012-ம் ஆண்டு முதல் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறது. இளையவர்கள் ஒரு பெரியவரிடம் நேரில் உட்கார்ந்து அவர் கதையைக் கேட்டுப் படிக்கிறார்கள். பிறகு அவருக்குப் பதிலாக அதை ஊருக்குச் சொல்கிறார்கள்.

ஒரு காலத்தில் மண்டபத்தை இடிக்கச் சொன்னவர்களுக்கு அந்த நாள் மனதிலேயே இருந்தது. பார்த்து நினைவுபடுத்திக்கொள்ள அவர்களுக்குக் கட்டிடம் தேவை இல்லை. அவர்களுடைய பேரப் பிள்ளைகளுக்குத்தான் அது தேவைப்படுகிறது. இதை 15 வயதில் ஒரு பெண் பிள்ளை தெரிந்துகொண்டாள், எழுதியும் வைத்தாள்.

மண்டபத்தைச் சுற்றி வேலி போட்டிருக்கிறார்கள். உள்ளே யாரும் போக முடியாது. வேலி ஓரத்தில் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். கையில் நோட்டுப் புத்தகம். பார்த்ததை எழுதிக்கொள்கிறார்கள்.