மிளகுக் கொடியிலிருந்து விழுபவர் யார்? சேர்வராயன் மலைத் தோட்டங்களும் தடுக்கக்கூடிய காயங்களும்

தோட்டத்தில் ஒருவர் மரத்திலிருந்து விழுந்தால் 'கால் தவறிவிட்டது' என்கிறார்கள். மருந்தடித்தவர் மயங்கினால் 'வெறும் வயிற்றோடு வேலைக்கு வந்தார்' என்கிறார்கள். பாம்பு கடித்தால் 'விதி' என்கிறார்கள். மூன்று விளக்கங்களும் பழியை விழுந்தவர் மீதோ கடவுள் மீதோ போடுகின்றன. மரத்தின் உயரத்தையும் ஏணியின் தரத்தையும் மருந்தின் நச்சுத்தன்மையையும் வேலையின் வேகத்தையும் முடிவு செய்தவர் அந்த விளக்கங்களில் இடம்பெறுவதே இல்லை. உள்நோக்கமின்றி நேரும் காயம் என்பதற்குக் காரணமின்றி நேரும் காயம் என்று பொருளில்லை. காரணம் இருந்தால் தடுப்பும் உண்டு. தடுக்கக்கூடியதைத் தடுக்காமல் விட்டால் பொறுப்பும் உண்டு. இக்கட்டுரையில் ஏற்காட்டையும் சேர்வராயன் மலையையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இதை விளக்க முயல்கிறோம்.

மலையின் வேலையும் மலையின் ஆபத்தும்

1820களில் சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் காலத்தில் ஏற்காட்டில் காப்பிப் பயிர் தொடங்கியது. இன்று இங்கே சில்வர் ஓக் மரங்களின் நிழலில் அராபிகா காப்பி வளர்கிறது. அதே மரங்களின் மேல் மிளகுக் கொடி படர்கிறது. இத்தோட்டங்களில் தலித் மக்களும் மலையாளிப் பழங்குடியினரும் உழைக்கிறார்கள். சொந்த நிலம் இல்லாதவர்களுக்கும் சிறு நிலத்தில் பிழைக்க முடியாதவர்களுக்கும் நாட்கூலியே வாழ்வு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய உழைப்பாளரில் விவசாயக் கூலிகள் சுமார் 30 விழுக்காடு. பட்டியல் சாதியினரில் அப்பங்கு பாதியை நெருங்குகிறது. எனவே வேளாண் காயம் என்பது எல்லோர் மேலும் சமமாக விழும் ஆபத்தாக இருப்பதில்லை. நிலம் யாரிடம் இல்லையோ அவர்கள் உடலையே அது தேடி வருகிறது.

வேலையின் பருவத்தோடு காயத்தின் முகமும் மாறுகிறது. நவம்பர் முதல் காப்பிப் பழம் பறிப்பு: ஈரச் சரிவில் மூட்டை சுமந்து வழுக்கி விழுதல், செடியடியில் கிடக்கும் பாம்பு, திடீரென எதிர்ப்படும் காட்டெருமை. பழத்தோல் உரிக்கும் பல்பர் இயந்திரத்தில் மூடப்படாத பல்சக்கரமும் பெல்ட்டும் விரலையும் சேலைத் தலைப்பையும் இழுக்கும். பிப்ரவரிக்குப் பின் மிளகு பறிப்பு: ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறி, ஒரு கையால் மரத்தைப் பிடித்து மறு கையால் கொத்துப் பறிக்க வேண்டும். மழைக்கு முன் நிழல் கவாத்து: கையில் அரிவாளோடு கிளையின் மேல் நின்று அதே மரத்தை வெட்ட வேண்டும். தண்டுத் துளைப்பான் வண்டுக்கும் களைக்கும் மருந்தடிப்பது தனி ஆபத்து.

வேலைக்குப் போய் வரும் பாதையும் ஆபத்தானதே. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. 2024 ஏப்ரல் 30 அன்று அச்சாலையின் 13-ஆவது வளைவில் தனியார் பேருந்து ஒன்று பள்ளத்தில் கவிழ்ந்து பலர் உயிரிழந்தனர். பேருந்துக்கே இந்த நிலை என்றால், சரக்கு வண்டியின் பின்புறம் மூட்டைகளோடு நிற்க வைத்து அழைத்துச் செல்லப்படும் தொழிலாளரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

தடுப்புக்கு ஒரு வரிசை உண்டு

தொழில் பாதுகாப்புத் துறை தடுப்பு முறைகளை ஐந்து படிகளாக அடுக்குகிறது. முதலில் ஆபத்தையே நீக்க வேண்டும். முடியாவிட்டால் குறைந்த ஆபத்துள்ளதைக் கொண்டு மாற்ற வேண்டும். அதுவும் இயலாதபோது மனிதரையும் ஆபத்தையும் பிரிக்கும் பொறியியல் ஏற்பாடு வேண்டும். அடுத்தது வேலை முறையை ஒழுங்குபடுத்துவது. கடைசிப் படியே கையுறை, காலணி, தலைக்கவசம். மேல் படிகள் முதலாளியின் செலவையும் முடிவையும் கோருகின்றன. கடைசிப் படி தொழிலாளியின் கவனத்தை நம்புகிறது. நடைமுறையில் 'கவனமாக இருங்கள்' என்ற அறிவுரையோடு எல்லாம் முடிந்துவிடுவதற்கு இதுவே காரணம்.

மிளகு பறிப்பில் இதைப் பொருத்திப் பார்ப்போம். கொடியைக் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் ஏறவிடாமல் கட்டுப்படுத்தினால் ஆபத்தின் பெரும்பகுதி நீங்குகிறது. மின்கம்பி செல்லும் இடங்களில் அலுமினிய ஏணியை விலக்கி, மின்சாரம் கடத்தாத ஏணியைக் கொடுப்பது இரண்டாம் படி. தாழ்ந்து தொங்கும் கம்பியை உயர்த்துவதும், சரிவில் நிலையாக நிற்கும் மூன்று கால் ஏணியைத் தருவதும் மூன்றாம் படி. மழையிலும் பனிமூட்டத்திலும் ஏற்றாமலிருப்பது, ஏணியைப் பிடிக்க இன்னொருவரை நிறுத்துவது, கிலோ கணக்கில் கூலி பேசி வேகத்தைத் திணிக்காமலிருப்பது நான்காம் படி. மரத்தோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் தலைக்கவசமும் ஐந்தாம் படி. இவற்றில் எதுவும் அரிய தொழில்நுட்பமில்லை.

பூச்சிக்கொல்லிக்கும் இவ்வரிசையே பொருந்தும். பாராகுவாட் களைக்கொல்லிக்கு மாற்று மருந்தே கிடையாது. உடலுக்குள் போனால் மருத்துவர் செய்யக்கூடியது மிகக் குறைவு. அத்தகைய நஞ்சைத் தோட்டத்துக்குள் விடாமலிருப்பதே தடுப்பு. மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் 2017-இல் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகளும் கூலித் தொழிலாளரும் 20 பேருக்கு மேல் இறந்தனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்ந்தனர். வெயிலில் முகக்கவசம் அணிந்து நாள் முழுதும் தெளிக்க முடியாது என்பது அங்கு அவர்களை அனுப்பியவர்களுக்குத் தெரியாததன்று. மருந்தடித்தபின் குளிக்கத் தண்ணீரும், மாற்றுத் துணி வைக்க இடமும், வேலை நேரத்துக்குள்ளேயே கழுவிக்கொள்ளும் நேரமும் கொடுப்பது ஆயிரம் அறிவிப்புப் பலகைகளை விடப் பயன் தரும்.

குழந்தைகள் காப்பகத்தையும் இந்தப் பட்டியலில் சேர்க்கிறோம். பெற்றோர் பறிப்பில் இருக்கும்போது பல்பர் கழிவுநீர்த் தொட்டியருகிலும் கைப்பிடிச் சுவரற்ற கிணற்றருகிலும் விளையாடும் குழந்தையைக் காப்பது தாயின் கவனமாக மட்டும் இருக்க முடியாது. அந்தத் தாய் அந்நேரத்தில் தோட்டக்காரரின் வேலையில் இருக்கிறார்.

சட்டம் என்ன சொன்னது, எங்கே நின்றது

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். அக்காலத்தில் 1944-இல் அமைக்கப்பட்ட ரேகே குழு, தொழிலாளர் நிலையை நாடு தழுவிய அளவில் ஆராய்ந்தது. தோட்டத் தொழிலாளர் பற்றிய ரேகேயின் அறிக்கை 1946-இல் வெளிவந்தது. பின்னர் 1951-இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் பிறந்தது. குடிநீர், மருத்துவம், வீடு, குழந்தைகள் காப்பகம் ஆகியவை முதலாளியின் கடமையாயின. பூச்சிக்கொல்லிப் பாதுகாப்புக்கான தனி அத்தியாயமோ 2010 திருத்தத்தில்தான் சேர்ந்தது. 59 ஆண்டுகள் காத்திருந்தோம். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இச்சட்டத்தை உள்வாங்கிக்கொண்டன.

இச்சட்டத்தின் எல்லை 5 ஹெக்டேரும் 15 தொழிலாளரும் என்று நின்றது. இந்தியக் காப்பித் தோட்டங்களில் 98 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை 10 ஹெக்டேருக்குக் குறைந்த சிறு தோட்டங்கள். அவற்றுள் 5 ஹெக்டேரை எட்டாதவற்றின் தொழிலாளர் சட்டத்துக்கு வெளியே நின்றனர். பெரிய தோட்டத்திலும் மிளகு பறிப்பைக் குத்தகைக்கு விட்டால், விழுந்தவர் 'எங்கள் ஆள் இல்லை' என்ற பதில் ஆயத்தமாக இருக்கிறது. வேளாண்மைப் பாதுகாப்புக்கான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 184-ஆம் உடன்படிக்கை 2001-இலேயே வந்துவிட்டது. இந்தியா அதை ஏற்கவில்லை.

மூணாறு அருகே பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு மண்சரிந்து 70 பேர் மாண்டதை நாம் மறக்கவில்லை. அவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தேயிலைத் தொழிலாளர் குடும்பத்தினர். மழை இயற்கையானது. சரிவின் அடியில் லயத்தைக் கட்டி, தலைமுறை தலைமுறையாக அங்கேயே அவர்களைக் குடியிருக்க வைத்தது இயற்கையானதன்று.

இழப்பீடு கருணைத்தொகை அல்ல

1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தின் அடிப்படை, வேலையால், வேலையின்போது நேர்ந்த காயத்துக்கு முதலாளி பொறுப்பு என்பது. முதலாளி தவறு செய்தார் என்று நிறுவத் தேவையில்லை. 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் தற்காலிகக் கூலி என்ற காரணத்தால் உரிமை போய்விடுவதில்லை. ஒப்பந்தக்காரர் வழி வேலை செய்தாலும் முதன்மை முதலாளியிடம் கோரலாம். இக்கொள்கைகள் இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் வந்துள்ளன.

கணக்கைப் பாருங்கள். இறந்தவரின் மாத ஊதியத்தில் பாதியை, வயதுக்கு உரிய எண்ணால் பெருக்க வேண்டும். 40 வயதுக்கு அந்த எண் 184.17. மாதம் 12,000 ரூபாய் ஈட்டியவர் எனில் 6,000 × 184.17 = 11,05,020 ரூபாய். இக்கணக்கு தெரியாத குடும்பத்திடம்தான் அடக்கச் செலவையும் சில ஆயிரங்களையும் கொடுத்து, வெற்றுத் தாளில் கைரேகை வாங்க முடிகிறது.

உரிமை இருந்தும் வழக்கு தோற்பது பெரும்பாலும் சான்றின்மையால். மருத்துவமனையில் 'வீட்டில் விழுந்தார்' என்று எழுதப்பட்டுவிட்டால் பின்னர் மாற்றுவது கடினம். எனவே விபத்துப் பதிவேட்டில் எந்தத் தோட்டத்தில், என்ன வேலையில், எத்தனை மணிக்கு என்று முதல் நாளே பதியச் செய்ய வேண்டும். இறப்பு எனில் முதல் தகவல் அறிக்கையும் உடற்கூறாய்வும் இன்றி அடக்கம் செய்ய விடக்கூடாது. கூலி கொடுத்த சீட்டு, மேஸ்திரியின் வருகைக் குறிப்பு, உடன் வேலை செய்தோர் வாக்குமூலம், ஏணியும் இடமும் தெரியும் புகைப்படம் ஆகியவற்றைத் திரட்ட வேண்டும். இழப்பீட்டு மனுவுக்கு 1923 சட்டம் இரண்டு ஆண்டுக் கெடு வைத்திருந்தது. எந்தச் சட்டத்தின் கீழானாலும் தாமதம் வழக்கைப் பலவீனமாக்கும். மனு செல்ல வேண்டிய இடம் தொழிலாளர் துறை.

முதல் ஒரு மணி நேரம்

மலைக் கிராமத்துக்கும் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் இடையே அந்த வளைவுகள் எல்லாம் கிடக்கின்றன. ஆகவே முதலுதவி அறிந்த இருவராவது ஒவ்வொரு வேலைக் குழுவிலும் தேவை. உயரத்திலிருந்து விழுந்தவரைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கினால் முதுகுத் தண்டு நிரந்தரமாகச் சேதமடையலாம். கழுத்து அசையாமல் பலகையில் கிடத்தித் தூக்க வேண்டும். மருந்து பட்டவரின் துணியைக் களைந்து உடலைக் கழுவி, மருந்து டப்பாவையும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

பாம்புக்கடியில் கட்டுப் போடுவதும் கீறுவதும் உறிஞ்சுவதும் கேடு. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து விரைவாகக் கொண்டுசெல்வதே முறை. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டுள்ளது. நம் நச்சுமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் உரியது. கிழக்குத் தொடர்ச்சி மலையில் காணப்படும் மூங்கில் விரியனின் நஞ்சு அதில் அடங்காது. அதற்கான ஆய்வும் மருந்தும் வேண்டும் என்பது மலைத் தொழிலாளரின் கோரிக்கையாக எழ வேண்டும். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. அதுபோலத் தோட்டத்தில் நேரும் ஒவ்வொரு வீழ்ச்சியும், நச்சேற்றமும், மின்தாக்குதலும் கட்டாயம் அறிவிக்கப்பட வேண்டும். எண்ணப்படாத காயத்தை எந்த அரசும் தடுக்காது.

அந்த எண்ணிக்கையை அரசுக்காகக் காத்திராமல் இயக்கங்களும் மாணவர்களும் இப்போதே தொடங்கலாம். ஒரு மிளகுப் பருவத்தில் ஒரே ஊராட்சியில் யார் விழுந்தார், எந்த உயரத்திலிருந்து, யாருடைய மரத்தில், என்ன இழப்பீடு பெற்றார் என்ற நான்கு கேள்விகளை வீடுவீடாகக் கேட்டு எழுதினால் போதும். அந்தக் குறிப்பேட்டோடு தொழிலாளர் துறை ஆய்வாளர் முன் போய் நிற்கும்போது, 'கால் தவறிவிட்டது' என்ற பழைய பதில் அங்கே செல்லாது.