ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையே ஒரு திறந்த கதவு

கைப்பேசியில் ஒரு செயலியைத் திறந்து கடவுச்சொல்லைத் தட்டுகிறீர்கள். வழியில் யாருக்கும் புரியாதபடி அது மறையாக்கம் செய்யப்பட்டுத்தான் போகிறது. சரி, மறுமுனையில் இருப்பது உண்மையிலேயே உங்கள் வங்கிதானா? பெட்டியைப் பூட்டித் திருடனிடமே சாவியோடு கொடுத்தால் பூட்டினால் என்ன பயன்?

பல செயலிகள் இந்த வேலையை 'லிப்கர்ல்' என்ற நிரல் நூலகத்திடம் விட்டுவிடுகின்றன. சி மொழியில் எழுதப்பட்ட இதைத் தொடங்கியவர் சுவீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பர்க். யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம்.

இணைப்புத் தொடங்கும்போது, மறுமுனையில் உள்ள கணினி ஒரு சான்றிதழை நீட்டும். அதை மைகாட் போல நினைத்துக்கொள்ளுங்கள். லிப்கர்ல் இரண்டு கேள்விகள் கேட்கும். அட்டையை வெளியிட்டது நம்பகமான அமைப்பா? இந்தச் சோதனைக்கான அமைப்பு 'வெரிஃபைபியர்'. அட்டையில் உள்ள பெயரும் நாம் தேடி வந்த பெயரும் ஒன்றா? இதற்கு 'வெரிஃபைஹோஸ்ட்'. இரண்டுமே வேண்டும். ஏனென்றால் திருடனும் தன் சொந்த இணைய முகவரிக்கு உண்மையான சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம்.

முதல் அமைப்பில் 1 என்றால் 'சோதி', 0 என்றால் 'சோதிக்காதே'. வினை இரண்டாவதில்தான். அதில் முழுச் சோதனைக்கான எண் 2. அந்நாளில் 1 கொடுத்தால், அட்டையில் ஏதோ ஒரு பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். யாருடைய பெயர் என்று பார்க்காது! மாணவர் விடை எழுதியிருக்கிறாரா என்று மட்டும் பார்த்து நான் முழு மதிப்பெண் போடுவது போல. 'ட்ரூ' என்பதன் மதிப்பு 1 அல்லவா? பாதுகாப்பை உறுதிப்படுத்த நினைத்த நிரலர்களே 'ட்ரூ' என்று எழுதிக் கதவைத் திறந்துவிட்டார்கள். எதையும் தொடாமல் விட்டிருந்தால் அது இயல்பாகவே 2-இல் இருந்திருக்கும்!

2012-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர், பணம் செலுத்தும் நிரல்களில்கூட இந்தத் தவறு இருப்பதை வெளியிட்டனர். அதே ஆண்டில் வந்த 7.28.1 பதிப்பு, 1 என்ற மதிப்பை ஏற்க மறுத்துப் பிழை காட்டியது. 7.66.0 பதிப்பிலிருந்து 1-க்கும் 2-க்கும் ஒரே பொருள். என்னைக் கேட்டால், குற்றம் நிரலர்களுடையது மட்டுமன்று. அப்படி எண் வைத்ததும்தான்.

நீங்களே நிரல் எழுதும்போது சான்றிதழ்ப் பிழை வரலாம். "0 என்று மாற்று, சரியாகிவிடும்" என்று யாராவது சொல்வார்கள். பிழை மறையும், மறையாக்கமும் நடக்கும். யாரோடு பேசுகிறீர்கள் என்பதுதான் தெரியாது. அதற்குப் பதிலாகக் கணினியின் தேதி சரியா, நம்பகமான அமைப்புகளின் பட்டியல் பழையதாகிவிட்டதா என்று முதலில் பாருங்கள்.