நாலு மூலையும் ஒரு பில்லும்

செகண்ட் ஹேண்டில் விலையுயர்ந்த வாட்ச் வாங்கப் போகிறவர்கள் முதலில் டயலில் இருக்கும் பெயரைப் பார்ப்பார்கள். வட்ட வாட்ச் என்றால் அதுகூடப் பரவாயில்லை. செவ்வக வாட்ச்சில் முதலில் பார்க்க வேண்டியது நாலு மூலை. ஆரணி டீக்கடையில் இதைச் சொன்னபோது எதிரே உட்கார்ந்திருந்த தம்பி நம்பவில்லை. (பட்டு ஆரணி இல்லை, இது பெரியபாளையத்துக்குப் பக்கத்து ஆரணி.) கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உருக்கு ஆலை ஒன்றில் மெயின்டனன்ஸ் பார்க்கிறவர் அவர். அவர் ஆசைப்பட்டது ஜெகர்-லெகூல்த்ர் கம்பெனியின் ரிவர்சோ: செவ்வக ஸ்டீல் கேஸ், தினம் சாவி கொடுக்கிற மாடல்.

ஆசைப்பட்டதில் தப்பில்லை. அந்த வாட்ச்சுக்கு நம் நாட்டோடு ஒரு தொடர்பும் உண்டு. இந்தியாவில் போலோ ஆடிய பிரிட்டிஷ் அதிகாரிகளின் வாட்ச் கண்ணாடிகள் மைதானத்தில் உடைந்துகொண்டே இருந்தன. அந்தக் குறை சேசர் து த்ரே என்ற வியாபாரியின் காதில் விழுந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் ரிவர்சோ என்பது கம்பெனி சொல்லிவரும் கதை. ரெனே-ஆல்பிரட் ஷோவோ என்ற இன்ஜினியர் 1931 மார்ச்சில் பாரிஸில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். கேஸைப் பக்கவாட்டில் தள்ளிப் புரட்டினால் கண்ணாடி உள்ளே போய்விடும், உலோக முதுகு வெளியே வரும். ஆரம்பத்தில் லெகூல்த்ரிடம் இதற்கேற்ற மெஷின் (வாட்ச்சை ஓட்டும் உள் இயந்திரம்) இல்லாததால் தவான் என்ற வேறொரு சுவிஸ் கம்பெனியின் மெஷினைப் போட்டார்கள். 1933 வாக்கில்தான் சொந்த செவ்வக மெஷின் வந்தது. ஆகவே மிகப் பழைய ரிவர்சோவில் வேறு மெஷின் இருந்தால் உடனே போலி என்று ஒதுக்கிவிடக் கூடாது.

"மூலையில என்னண்ணே இருக்கு?" என்றார் தம்பி. அவர் தொழிலை வைத்தே சொன்னேன். வட்ட மூடிக்கு மரை வெட்டலாம். திருகத் திருக உள்ளே இருக்கும் கேஸ்கெட் சுற்றிலும் ஒரே மாதிரி அமுங்கும். செவ்வக மூடியைத் திருக முடியாது. ஸ்க்ரூ போட்டு இறுக்கணும், இல்லையென்றால் அமுக்கிப் பொருத்தணும். ஆலையில் சதுர மூடி போட்ட பெட்டி எங்கே முதலில் கசியும்? மூலையில். வாட்ச்சிலும் அதே கதைதான். ரிவர்சோவில் 30 மீட்டர் தண்ணீர் தாங்கும் என்று போட்டிருப்பதை நம்பி அதோடு ஆற்றில் இறங்கக் கூடாது. பழவேற்காட்டுப் பக்கத்து உப்புக்காற்றிலும் வேர்வையிலும் பல வருஷம் கிடந்த வாட்ச் என்றால், டயலின் ஓரங்களில் புள்ளி விழுந்திருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்க்கணும்.

மூலையின் இன்னொரு எதிரி பாலிஷ். ரிவர்சோவின் டயலுக்கு மேலேயும் கீழேயும் மூன்று மூன்று கோடுகள் மேடாக ஓடும். புதுசில் அவை கூர்மையாக இருக்கும். விற்கிறவர் ‘பளபளன்னு’ காட்ட வேண்டும் என்று பஃபில் கொடுத்தால் அந்தக் கோடுகள் மழுங்கிவிடும், மூலைகள் உருண்டுவிடும். போன உலோகம் திரும்பி வராது. என்னைக் கேட்டால், கீறல் விழுந்த கேஸே மேல்; கண்ணாடி மாதிரி மின்னுகிற பழைய கேஸைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். அப்புறம் புரட்டிப் பார்க்கணும், பலமுறை. வழுக்கிக்கொண்டு போய்ச் சத்தமாக ‘க்ளிக்’ என்று உட்காரணும். ஆடினாலோ, பாதியில் மாட்டினாலோ, அந்தச் செலவு சின்னதாக இருக்காது.

இன்னொரு பொறி: ரிவர்சோவில் குவார்ட்ஸ் மாடல்களும் நிறைய. வெளித்தோற்றம் கிட்டத்தட்ட ஒன்றுதான். போட்டோவை மட்டும் பார்த்து மெக்கானிக்கல் என்று எண்ணிப் பணம் கட்டிவிடுவார்கள். செவ்வகத்தின் இன்னொரு பெரிய பெயர் கார்த்தியே டேங்க். 1917-ல் வரைந்த வடிவம். 1970களின் பிற்பகுதியிலிருந்து வந்த ‘மஸ்ட்’ டேங்குகள் பலவும் தங்கம் இல்லை, வெள்ளியின் மேல் தங்க முலாம். பின்மூடியில் 925 என்ற முத்திரை இருக்கும். முலாம் எங்கே முதலில் தேயும் என்பதைத் தம்பியே சொல்லிவிட்டார்.

மெஷினைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டியதில்லை. டைம்கிராஃபர் என்கிற கருவியில் வைத்தால் ஒரு நாளைக்கு எத்தனை விநாடி முன்பின் போகிறது, பேலன்ஸ் வீல் எத்தனை டிகிரி வீசுகிறது என்று காட்டும். முழுச் சாவி கொடுத்த நிலையில் வீச்சு 270 டிகிரிக்கு மேலே இருந்தால் நல்ல ஆரோக்கியம். 220க்குக் கீழே என்றால் ஆயில் காய்ந்திருக்கலாம். திடீரென்று நாளுக்குப் பல நிமிஷம் வேகமாக ஓடினால் பெரும்பாலும் காந்தம் ஏறியிருக்கும். ஹேர்ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான்; காந்தம் நீக்கினால் சரியாகிவிடும். ஆனால் ஸ்கிராப் தூக்கும் மேக்னெட் கிரேனுக்கு அடியில் தினம் நிற்கிற தம்பி இந்த வாட்ச்சை ஷிஃப்டுக்குக் கட்டிக்கொண்டு போகவே கூடாது.

இனி பில். 2022 டிசம்பரில் தமிழ்நாட்டையே வாட்ச் பில்லைப் பற்றிப் பேச வைத்தது அண்ணாமலை கட்டியிருந்த பெல் அண்ட் ராஸ் ‘ரஃபேல்’ வாட்ச். சதுரக் கேஸ், உலகத்துக்கே 500 தான். அப்போது அவர் பா.ஜ.க. மாநிலத் தலைவர். பில் எங்கே என்று அப்போது அமைச்சராக இருந்த செந்தில்பாலாஜி கேட்டார். 2023 ஏப்ரலில் அண்ணாமலை பில்லை வெளியிட்டு, கோவையில் ஒருவரிடமிருந்து 3 லட்சம் ரூபாய்க்கு வாங்கியதாகச் சொன்னார். யார் பக்கம் நியாயம் என்பது டீக்கடைக்கே உரிய தனி விவாதம். எனக்கு அதில் பிடிபட்டது ஒன்றுதான்: செகண்ட் ஹேண்ட் வாட்ச்சுக்கு முதல் கடையின் பில்லும் வேண்டும், கை மாறியதற்கான ரசீதும் வேண்டும்.

இதற்குச் சட்டக் காரணமும் உண்டு. 1962-ம் வருஷத்துச் சுங்கச் சட்டத்தின் 123-வது பிரிவு தங்கத்தோடு வாட்ச்சையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. கடத்தல் பொருள் என்று நியாயமாக நம்பி அதிகாரிகள் பறிமுதல் செய்தால், அது கடத்தி வந்ததில்லை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு வைத்திருப்பவருடையது. "துபாய்ல இருந்து மச்சான் கொண்டுவந்தது, பேப்பர் இல்ல" என்கிற வாட்ச் எவ்வளவு மலிவாக இருந்தாலும் நான் தொடமாட்டேன். ரொக்கமும் வேண்டாம். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அபராதம் பணத்தை வாங்கியவருக்கு என்றாலும், பேங்க் வழியாகப் போன பணம்தான் நமக்கு அத்தாட்சி. 10 லட்சத்துக்கு மேற்பட்ட கைக்கடிகாரத்துக்கு 2025 ஏப்ரலிலிருந்து கடைக்காரர் ஒரு சதவீதம் டி.சி.எஸ். வரி வசூலிப்பார், அதைக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம்.

கடைசியாக, விலை பேசுவதற்கு முன்னால் சர்வீஸ் எப்போது ஆனது என்று கேட்டு அதன் ரசீதைக் காட்டச் சொல்லணும். "நல்லா ஓடுது சார்" என்பது ரசீது ஆகாது. கண்ணாடியையும் கவனிக்கணும்: வட்டக் கண்ணாடியை அளவு பார்த்துப் பல கடைகளில் போட்டுவிடலாம், செவ்வகக் கண்ணாடி அந்த மாடலுக்கென்றே வரவேண்டும். சர்வீஸ் ரசீது இல்லையா? சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டு முழு சர்வீஸுக்கும் கேஸ்கெட்டுக்கும் என்ன ஆகும் என்று கேட்டு, விற்கிறவர் சொல்கிற விலையிலிருந்து அந்தத் தொகையைக் கழித்துவிட்டுத்தான் பேரத்தை ஆரம்பிக்கணும்.