முத்திரைச் சேகரிப்பும் முழுமை வேட்கையும்

மத்திய கிழக்கில் உழைப்போரின் கடிதங்கள் நிந்தவூர் போன்ற கரையூர்களுக்கு வரத் தொடங்கியபோது, முத்திரை சேர்க்கும் சிறுவர்க்கு அவ்வுறைகள் பெருஞ்செல்வமாயின. அஞ்சலகக் குறி பதிந்த முத்திரை தன் பயன்பெறுமதியை இழந்துவிடுகின்றது. ஆயினும் அருமை காரணமாகப் பரிமாற்றப் பெறுமதி பெறுகின்றது.

இருப்பதைக் கண்டு மகிழ்ந்தவனுக்கு இல்லாததை எண்ணக் கற்பித்தவை, 1865இல் ஸ்டான்லி கிப்பன்ஸ் வெளியிட்டது போன்ற விலைப்பட்டியல்களே. தொகுப்பேட்டின் வெற்றுக்கட்டம் குறையாக உறுத்துகின்றது. இலங்கையின் முதல் முத்திரை வெளிவந்த 1857 தொடக்கம் அனைத்தும் வேண்டும் என்னும் வேட்கை பிறக்கின்றது. ஆனால் 1856இன் பிரித்தானிய கயானா ஒரு சத முத்திரையில் ஒரு பிரதியே அறியப்பட்டுள்ளது; உலகத் தொகுப்பின் முழுமை ஒருவருக்கன்றிப் பிறர்க்குக் கைகூடாது.

இதனைத் தனிமனிதப் பேராசையென நாம் ஒதுக்கிவிட இயலாது. உறையிலிருந்து முத்திரையைப் பிரித்தெடுக்கையில், அதனை அனுப்பியவரின் உழைப்பும் பிரிவும் உறையோடு எறியப்படுகின்றன. மனித உறவு மறைந்து பொருள் மட்டும் எஞ்சுவதையே மார்க்ஸ் பண்ட வழிபாடு என்றார்.