களம்பூர் ஸ்டேஷனைக் கூடத்துக்குக் கொண்டு வரலாம்!

ஆரணி என்றால் பட்டு. இது ஊரறிந்த விஷயம். ஆனால் ஆரணி ஊருக்குள் ரெயில் கிடையாது என்பது வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது. "ஆரணி ரோடு" என்று பெயர் தாங்கிய நிலையம் சுமார் 10 கிலோ மீட்டர் தள்ளி, களம்பூரில் இருக்கிறது. விழுப்புரம் - காட்பாடி பாதையில் அன்று ஓடியவை மீட்டர் கேஜ் வண்டிகள். 2010-ம் ஆண்டளவில் அது அகலப் பாதையாகிவிட்டது. புகை கக்கிய அந்தப் பழைய வண்டி களம்பூருக்கு இனி வரப்போவதில்லை.

ஆனால், வீட்டுக் கூடத்தில் அது ஓடலாம்! சிறு வயதில் சாவி கொடுத்து ரெயில் விட்டு மகிழ்ந்தவர்கள், அறுபதைத் தாண்டிய பின் மறுபடியும் அந்த ஆசைக்குத் திரும்புவது உண்டு. அப்போது எழும் முதல் கேள்வி: எந்த அளவில் வாங்குவது?

கட்டமும் இழையும்

அளவுக் கணக்கு ஆரணிக்குப் புதிதல்ல. புடவைக் கரைக்கு டிசைன் போடுகிறவர், கட்டம் போட்ட தாளில்தான் அன்னத்தை வரைகிறார். எத்தனை கட்டத்துக்கு எத்தனை இழை என்ற கணக்குத் தவறினால் அன்னம் வாத்தாகிவிடும். மாதிரி ரெயிலும் அப்படித்தான்.

உலகெங்கும் அதிகம் புழங்குவது "எச்.ஓ." அளவு. நிஜத்தில் 87 அடி, மாதிரியில் 1 அடி. புனேயில் 1998-ல் திறக்கப்பட்ட ஜோஷி மாதிரி ரெயில் அருங்காட்சியகமும் இந்த அளவில் அமைந்ததே. "டி.டி." என்பது 120-ல் ஒரு பங்கு. "என்" இன்னும் சிறியது. 160-ல் ஒரு பங்கு. பழைய சாவி ரெயில்கள் பெரும்பாலும் "ஓ" என்ற பெரிய வகை. தண்டவாள இடைவெளி மட்டும் 32 மில்லி மீட்டர்.

இடம் எவ்வளவு?

தறி நிற்கும் வீட்டில் சுவரோரம் மிஞ்சுவதே இடம். ஆகவே கடைக்குப் போகுமுன் அளவு நாடாவை எடுக்க வேண்டும். 19 மீட்டர் நீளமுள்ள ஒரு பெட்டி, எச்.ஓ.வில் 22 சென்டி மீட்டர், டி.டி.யில் 16, என் அளவில் 12. ஆறு பெட்டி சேர்ந்தால் முறையே 132, 96, 72 சென்டி மீட்டர். என்ஜினும் பிளாட்பாரமும் இதற்கு மேல்.

வளைவையும் மறக்கக் கூடாது. எச்.ஓ.வில் நீளப் பெட்டிகள் அழகாகத் திரும்ப 60 சென்டி மீட்டர் ஆரமாவது வேண்டும். அதாவது முழு வட்டத்துக்கு 4 அடி அகலம்!

அப்படியானால் சிறியதே சிறந்ததா? அதுவும் இல்லை. என் அளவுச் சக்கரத்தைத் தண்டவாளத்தில் ஏற்றக் கூரிய பார்வையும் நடுங்காத விரலும் வேண்டும். வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

செருப்பு மாறிய பிள்ளை

இன்னொரு சங்கதி. எச்.ஓ. தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மில்லி மீட்டர். 87-ஆல் பெருக்கினால் 1,435 வரும். இது ஐரோப்பா, அமெரிக்காவின் பொதுப் பாதை. நம் நாட்டு அகலப் பாதை 1,676. மீட்டர் கேஜ் 1,000. ஆகவே களம்பூர் வண்டியை அதில் ஏற்றினால், அப்பாவின் செருப்பை மாட்டிக்கொண்ட பிள்ளை போல இருக்கும். எச்.ஓ.வில் மீட்டர் கேஜுக்கு என்றே 12 மில்லி மீட்டர் தண்டவாளம் தனியாக உண்டு.

சிக்கனமான வழி ஒன்றும் இருக்கிறது. என் வகைத் தண்டவாளத்தின் இடைவெளி 9 மில்லி மீட்டர். 120-ஆல் பெருக்கினால் 1,080. மீட்டர் கேஜுக்கு மிக நெருக்கம். வித்தியாசம் கண்ணில் படாது. தண்டவாளமும் மோட்டாரும் என் வகையில் வாங்கிக்கொண்டு, பெட்டிகளை டி.டி. அளவில் அட்டையால் செய்துகொள்ளலாம். கைவேலையில் பிரியமுள்ளவருக்கு இதுவே ஏற்றது. செய்து முடித்த வண்டியை வாங்கி ஓட்டினால் போதும் என்பவர் எச்.ஓ.வுக்கே போகலாம். இந்திய ரெயில் மாதிரிகள் பெரும்பாலும் அந்த அளவில்தான் கிடைக்கின்றன. அகலப் பாதை வண்டியின் கீழே தண்டவாளம் கொஞ்சம் குறுகலாகத் தெரியும். அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பரணில் கிடக்கும் பழைய பெட்டியை நம்பித் திட்டம் போடுவது சரியல்ல. உதாரணமாக, இங்கிலாந்தின் ஹார்ன்பி டப்ளோ 1938-ல் வந்தபோது, நடுவில் மின்சாரத்துக்கென மூன்றாவது கம்பி இருந்தது. இன்றைய இரட்டைத் தண்டவாளத்தில் அது அப்படியே ஓடாது. அந்தப் பழைய ரெயில் அலமாரியில் கௌரவமாக இருக்கட்டும்.

அட்டை சொல்லும் தீர்ப்பு

பணத்தை எடுக்குமுன் ஒரு பரீட்சை. 22, 16, 12 சென்டி மீட்டர் நீளத்தில் ஆறாறு அட்டைத் துண்டுகள் வெட்டி, சுவரோரப் பலகையில் வரிசையாக அடுக்க வேண்டும். பக்கத்தில் ஸ்டேஷன் கட்டடத்துக்கு ஒரு தீப்பெட்டி. ஒரு வாரம் அப்படியே விட்டு, வரும்போதும் போகும்போதும் பார்க்கலாம்.

எந்த வரிசையைப் பார்க்கும்போது களம்பூர் பிளாட்பாரத்தில் அப்பாவின் விரலைப் பிடித்து நின்ற ஞாபகம் வருகிறதோ, அதுவே அவருக்கு ஏற்ற அளவு. அட்டைக்குச் செலவு அதிகமில்லை. அவசரப்பட்டு வாங்கிய என்ஜினுக்கோ, அது ஓட இடமே இருக்காது!