பல்லுக்கு நண்பன், அளவு மிஞ்சினால் பகைவன்

வேப்பங்குச்சி ஒடித்த அருப்புக்கோட்டை, திருச்சுழி வறட்சிச் சீமையிலும் இன்று புளோரைடு கலந்த பற்பசை வீடுதோறும் புகுந்துவிட்டது. அதன் குணம் யாது? நாம் உண்ணும் சர்க்கரையை வாய்க் கிருமிகள் அமிலமாக்குகின்றன. அவ்வமிலம் பல்லின் மேலோட்டைக் கரைத்துச் சொத்தையாக்குகிறது. புளோரைடோ, கரைந்த சத்தை மீண்டும் பல்லில் படியச் செய்வதுடன், கிருமிகளின் அமிலத் தொழிலையும் மட்டுப்படுத்துகிறது.

ஆனால், குடிநீரில் அவ்வுப்பே மிகுந்தால் குழந்தைகளின் வளரும் பற்கள் கறைபடும். நாளடைவில் எலும்பும் விறைக்கும். சென்னை மாகாணத்து நெல்லூர் ஜில்லாவில் இந்நோயை 1937-ல் வைத்தியர்கள் கண்டெழுதினர். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமே உச்சவரம்பு. காய்ச்சினாலும் அது நீங்காது.

ஆகவே, ஆழ்குழாய்க் கிணற்று நீர் பருகும் நாம் அதைச் சோதித்தறிதல் அவசியம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசியளவு, ஆறு வயது வரை பட்டாணியளவு பசை போதும். விழுங்காமல் துப்பப் பழக்குவோமாக!